ஹென்றியின் இரண்டாவது மாத்திரை

என் தங்கை புருஷன் வாலண்டைனுக்கு நாய் என்றாலே ஆகாது. ஏழு வயதில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் ஒரு நாய் அவன் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அந்தக் காலத்து வைத்தியம், தொப்புளைச் சுற்றி ஊசி. சிக்னல்மேனாக இருந்த அவன் அப்பா தினமும் அவனைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போய் ஊசி போடவைத்துக் கூட்டிவந்தார். அதற்குப் பிறகு எதிரே நாய் வந்தால் இவன் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவான். கல்யாணத்தன்று பூசை முடிந்து வெளியே வந்தபோது மாதா கோயில் படியில் ஒரு நாய் படுத்திருந்தது. மாப்பிள்ளை போய்ப் பெண்ணுக்குப் பின்னால் நின்றுகொண்டான். என் தங்கை பாக்கியம்தான் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "ச்சூ, போ!" என்று விரட்டினாள். அந்த போட்டோ இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அப்பேர்ப்பட்டவன் ஐம்பத்தொன்பது வயதில் நாய் பார்க்கும் வேலைக்குப் போனான். அதனால் என் தங்கை செத்தாள். இப்படி ஒரே மூச்சில் சொன்னால் அநியாயமாகத்தான் இருக்கும். அந்தச் சாவுக்கு வழி விட்டவர்களில் நானும் ஒருவன், அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன். என்னைவிட இளையவன் என்பதால் அவன் இவன் என்றுதான் வாயில் வரும். மாப்பிள்ளைக்குரிய மரியாதை எனக்கு அவன் மேல் நிறையவே இருந்தது.

இருபத்தாறு வருஷம் போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரி ஓட்டியவன் வாலண்டைன். பண்டமாரானில் சின்ன டெரஸ் வீடு, ஒரே மகள் பெர்னிஸ், ஞாயிறு தவறாமல் பூசை. குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஒரு குறை சொல்வதென்றால், யார் எதைச் சொன்னாலும் "அப்படியா?" என்று கேட்டுக்கொள்வான். எதிர்த்து ஒரு வார்த்தை பேச வராது. முதுகுத்தண்டு விலகி மூன்று மாசம் படுத்து எழுந்ததும், இனிமேல் வேலைக்கு வரவேண்டாம் என்று லோரி கம்பெனியில் சொன்னார்கள். அதற்கும் "அப்படியா பாஸ்?" என்றுதான் கேட்டிருப்பான். கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பான்.

பணக்காரர்கள் இருக்கும் பங்சாரில் மாதவி மேடம் வீடு என் வீட்டுக்காரி ஒரு காலத்தில் சமைக்கப் போன இடம். மேடம் பெரிய லாயராக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் இல்லை, பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். வீட்டில் அவரும் ஹென்றியும்தான். ஹென்றி என்பது நாய். பொன்னிற முடி, கன்றுக்குட்டி அளவு உடம்பு, வயது பன்னிரண்டு. மேடத்துக்குத் தூக்க முடியவில்லை, நடக்கக் கூட்டிப்போக முடியவில்லை, நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார். என் வீட்டுக்காரி வாலண்டைன் பெயரைச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்குச் சிரிப்பாக வந்தது. இரண்டே நாளில் ஓடி வந்துவிடுவான் என்று நினைத்தேன்.

அவன் ஓடி வரவில்லை. முதல் நாளே ஹென்றி வந்து அவன் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டதாம். பயத்தில் அரை மணி நேரம் அசையாமல் நின்றானாம். ஒரு மாசம் கழித்தும் அப்படித்தான் நின்றான், ஆனால் அப்போது அது தூக்கம் கலையக் கூடாதே என்பதற்காக. காலையில் பண்டமாரானிலிருந்து ஃபெடரல் ஹைவேயில் மோட்டாரில் வருவான். உப்பில்லாமல் கோழி ஈரல் வேகவைப்பான், குளிப்பாட்டுவான், பின்னங்கால் சரியாக ஊன்றாத அந்த உருப்படியைத் தூக்கி மேடத்தின் காரில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டு போவான். விலகின முதுகோடுதான் இவ்வளவும். திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் என் ஃபிளாட்டுக்கு வந்து ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போவான். அவன் சட்டையில் நாய் முடி ஒட்டியிருக்கும். "என் மருமவன் எப்படி இருக்கான்?" என்று கேலி செய்வேன். "நல்லா இருக்கான் மச்சான், இன்னிக்கு ரெண்டு வீடு தள்ளி நடந்தான்" என்று நிஜமாகவே பதில் சொல்வான்.

போன வருஷம் அக்டோபரில் அந்தக் கிளினிக்கில் ஒரு புது மாத்திரை வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நாய்களின் ஆயுளை நீட்டுவதற்காகக் கண்டுபிடித்தது. உடம்பில் கிழடு தட்டிப்போன செல்லையெல்லாம் அது கழித்துக் கட்டுமாம், மிச்சமிருப்பது இளசாகுமாம். நான்கைந்து வருஷம் கூடுதலாக வாழும் என்றார்கள். இன்னும் கடைக்கு வரவில்லை, சோதனை நடக்கிறது, அறுபது கிழட்டு நாய்களுக்கு எட்டு மாசம் கொடுத்துப் பார்க்கிறார்கள். மாதவி மேடம் உடனே ஹென்றியைச் சேர்த்துவிட்டார். உடம்பின் எடைக்குத் தகுந்தாற்போல் ஹென்றிக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கொடுப்பது வாலண்டைன்.

அங்கே நாய் டாக்டர் யுகேந்திரன் என்று ஒரு பையன். நல்ல மாதிரி, நம்ம ஆளு. வாலண்டைனை உட்காரவைத்துத் தமிழிலேயே விளக்கியிருக்கிறான். "கிட்னி, ஹார்ட், மூட்டு, வயசானா தேயிற எல்லாத்தையும் இது காப்பாத்தும் அங்கிள்." இவன் கேட்டிருக்கிறான், இது மனுஷங்களுக்கு எப்போது வரும் என்று. "அதுக்கு இன்னும் பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகும் அங்கிள். முதல்ல நாய்க்குத்தான்."

கிட்னி என்ற சொல் அவன் காதில் விழுந்ததும் ஏன் ஒட்டிக்கொண்டது என்று சொல்ல வேண்டும். பாக்கியத்துக்கு இருபது வருஷமாக இனிப்புநீர், ரத்தத்தில் சர்க்கரை. பள்ளிக்கூடக் கேண்டீனில் நாசி லெமாக் சோறும் மீ நூடுல்ஸும் செய்து கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தானும் தின்று வளர்த்த வியாதி. நவம்பரில் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், இரண்டு கிட்னியும் போய்க்கொண்டிருக்கிறது, சீக்கிரம் மிஷினில் ரத்தம் கழுவ ஆரம்பிக்க வேண்டும், அதற்கு முன்னால் கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைக்கும் சின்ன ஆபரேஷன். அந்த இடம் ஆறித் தயாராகவே இரண்டு மூன்று மாசம் ஆகும், தள்ளிப்போடக் கூடாது.

பாக்கியம் மாட்டேன் என்றாள். "எங்க வீட்டு லைன்ல மூணு பேரு கழுவப் போனாங்கண்ணே. மூணு பேரையும் ஒரே வருஷத்துல தூக்கிட்டாங்க. கழுவப் போனவங்க யாரு திரும்பி வந்தா?" கழுவாமல் இருந்திருந்தால் அவர்கள் ஒரு மாசத்தில் போயிருப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கும் அவள் சொன்னதுதான் சரி என்று பட்டது.

அடுத்த ஞாயிறு பண்டமாரான் வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு. வாலண்டைன் நாய் மாத்திரை விஷயத்தை எடுத்தான். "கிட்னிக்கும் நல்லதாம் மச்சான், டாக்டரே சொன்னாரு. ஆனா பாதி நாய்க்கு வெறும் மாவு மாத்திரைதானாம். பாக்குறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரி. எது எதுக்குப் போகுதுன்னு அவருக்கே தெரியாதாம். எட்டு மாசம் கழிச்சித்தான் கவரப் பிரிச்சிப் பாப்பாங்களாம்."

நான் சிரித்தேன். இந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. "அட போ மாப்ள. பங்சார் நாய்க்கு எவனாச்சும் மாவு குடுப்பானா? அந்த மேடம் லாயராச்சே. மாவுன்னு தெரிஞ்சா கோர்ட்டுக்கு இழுத்துட மாட்டாங்க? மாவு மாத்திரைல்லாம் நம்மள மாதிரி ஆளுங்களுக்குத்தான் குடுப்பான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஏன் ஆட்ட மாட்டார்கள்? நானும் பாக்கியமும் காப்பார் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். காய்ச்சலுக்கும் சிவப்புத் தண்ணி, வயிற்றுக் கடுப்புக்கும் சிவப்புத் தண்ணி, எங்கள் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோதும் தோட்டத்து டிரஸ்சர் கொடுத்தது அதே சிவப்புத் தண்ணி. துரை வீட்டு நாய்க்கு மட்டும் டவுனிலிருந்து டாக்டர் காரில் வருவார். இதைப் பார்த்து வளர்ந்தவனிடம் போய், பணக்கார நாய்க்கும் சீட்டுக் குலுக்கித்தான் மருந்து என்றால் அவன் நம்புவானா? ஏமாற்று என்று ஒன்று இருந்தால் அது எங்களுக்குத்தான் வரும், பங்சாருக்குப் போகாது. எங்கள் அனுபவமெல்லாம் சேர்ந்து சொன்ன கணக்கு அது.

பாக்கியம்தான் முதலில் கேட்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டே, பாதி விளையாட்டாக. "அதுல ஒன்னு எனக்குக் கொண்டு வாங்களேன்."

என் வீட்டுக்காரி கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். "நாய் மாத்திரையத் திங்கிறதா? ஒங்களுக்கெல்லாம் புத்தி கெட்டுப்போச்சா?"

அவள் ஒருத்தி சொன்னதுதான் அன்றைக்கு அந்த வீட்டில் பேசிய ஒரே நியாயம். வாலண்டைன் என் முகத்தைப் பார்த்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாய்க்கு ஒத்துக்குறது நமக்கு ஒத்துக்காதா என்ன? சாப்ட்டுத்தான் பாக்கட்டுமே. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன."

மறுநாளிலிருந்து ஹென்றிக்குக் காலை மாத்திரை மட்டும்தான். மாலை மாத்திரை வாலண்டைனின் சட்டைப் பையில் டிஷ்யூவில் சுற்றி ஃபெடரல் ஹைவே வழியாகப் பண்டமாரானுக்குப் போனது. நாய் விரும்பித் தின்ன வேண்டுமென்று மாட்டிறைச்சி வாசம் சேர்த்திருந்தார்கள். பாக்கியம் மூக்கைப் பிடித்துக்கொண்டு பால் விடாத கோப்பி ஓவோடு விழுங்குவாள். பிப்ரவரியில் தவக்காலம் தொடங்கியதும் அவளுக்கு ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், இறைச்சி கூடாது, இந்த வாசம் சேர்த்தியா இல்லையா? ஃபாதரிடம் கேட்கவும் முடியாது. வெள்ளிக்கிழமை மாத்திரையைச் சனிக்கிழமை சேர்த்துப் போட்டுக்கொண்டாள். இந்த அளவுக்கு ஒழுங்காகச் சாப்பிட்டவள், ஆஸ்பத்திரி மாத்திரையை ஒரு நாளும் அப்படிச் சாப்பிட்டதில்லை.

வாலண்டைனுக்கு வேறு உறுத்தல். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, ஒரு நாயிடமிருந்து திருடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஃபாதர் என்ன திருட்டு என்று கேட்க, அதன் பங்கை எடுத்துக்கொள்கிறேன் என்றானாம். ஃபாதர் ஏதோ சாப்பாட்டு விஷயம் என்று நினைத்துக்கொண்டு பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் இதைச் சொல்லிக் கண் கலங்கினான். "அவன் என்னை நம்பி வாயத் தொறக்குறான் மச்சான். பாதிதான் குடுக்குறேன்னு அவனுக்குத் தெரியாது." நாயை ஏமாற்றுகிறோமே என்று அழுதான். ஏமாந்துகொண்டிருந்தது யார் என்று அவனுக்கும் தெரியவில்லை, அவனுக்கு ஆறுதல் சொன்ன எனக்கும் தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் மாத்திரை என்பது ஊறுகாய் மாதிரி. ஒருத்தருக்கு ஒத்துக்கொண்டால் எல்லார் தட்டிலும் விழும். என் பிரஷர் மாத்திரை வாலண்டைனிடம் போயிருக்கிறது, பாக்கியத்தின் இனிப்புநீர் மாத்திரை துக்க வீடுகளில் எத்தனையோ பேர் கைக்கு மாறியிருக்கிறது. அந்த வழக்கப்படி ஒரு நாள் பாக்கியம் அரிவாள்மணையில் வைத்து அந்த மாத்திரையை இரண்டாக நறுக்கினாள். "இந்தாண்ணே, ஒன் முட்டிக்கு. மூட்டுக்கும் நல்லதுன்னு அந்த டாக்டரு சொன்னாராம்லே." கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். மூன்று வாரம் அவள் பங்கில் பாதியை நான் தின்றேன். ஒருநாள் மூன்றாவது மாடி வரைக்கும் லிஃப்ட் இல்லாமல் ஏறினேன். ஏறிப்போய் வீட்டுக்காரியிடம் மார்தட்டினேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பாக்கியமும் தெளிந்துவிட்டாள், அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. கால் வீக்கம் வடிந்தது மாதிரி இருந்தது. பாசாருக்குத் தானே போய் மீன் வாங்கினாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், "என் உடம்பு இப்ப எனக்கே புதுசா இருக்கு" என்று சொன்னாளாம். பிப்ரவரியில் ரத்தம் சோதித்தபோது கிட்னி நம்பரும் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார், இது ஏற இறங்க இருக்கும், இதை நம்பாதீர்கள், மார்ச்சில் கை ஆபரேஷனுக்குத் தேதி போட்டிருக்கிறேன், கட்டாயம் வாருங்கள் என்று. நாங்கள் நம்பர் இறங்கியது என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தோம்.

மார்ச்சில் அந்தத் தேதிக்கு அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியவன் நான். வாலண்டைனுக்கு அன்றைக்கு ஹென்றியின் கிளினிக். முதல் நாள் சாயங்காலம் பாக்கியம் போன் செய்தாள்.

"நாளைக்கு என்னண்ணே செய்யலாம்?"

"ஒனக்கு எப்படி இருக்கு?"

"எனக்கு நல்லாத்தான் இருக்கு. பெர்னிஸ்தான் ஜோகூர்லேருந்து போன் மேல போன் போட்டுப் போகச் சொல்லி ஏசுறா."

"நம்பர்தான் எறங்குதே. நல்லா இருக்குற கைய எதுக்கு அறுத்துக்கணும்? ஈஸ்டர் முடியட்டும், பாத்துக்கலாம். பெர்னிஸ்கிட்ட நான் பேசிக்கிறேன்."

பேசினேன். அம்மா நல்லா இருக்காங்க, நான் கண்ணால பாத்தேன், நீ வேலையப் பாரு என்று சொன்னேன். அந்தப் பிள்ளை என்னை நம்பியது. நம்பினார் கெடுவதில்லை என்பார்கள். எங்கள் குடும்பத்தில் நம்பினவர்கள் எல்லாருமே கெட்டார்கள்.

ஈஸ்டர் ஞாயிறு பாக்கியம் ஆட்டிறைச்சிக் குழம்பு வைத்தாள். நாற்பது நாள் ஒருசந்தி நோன்பு முடிந்த சந்தோஷம். நன்றாகச் சாப்பிட்டாள், பாட்டுக்கூட முணுமுணுத்தாள். திங்கட்கிழமை காலையில் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது. நான் போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். நுரையீரல் முழுக்கத் தண்ணீர். நவம்பரிலேயே தைத்திருந்தால் கிடைத்திருக்கும் வழி கையில் இல்லாததால் கழுத்தில் குழாய் போட்டு அவசரமாகக் கழுவினார்கள். அவள் பயந்த அதே கழுவல்தான் கடைசியில் வந்தது, நேரம் கடந்து வந்தது.

வார்டு வாசலில் ஒரு சின்ன வயசுப் பெண் டாக்டர் எங்களிடம் வந்தாள். "வேற ஏதாவது மருந்து சாப்ட்டாங்களா? நாட்டு மருந்து, ஆன்லைன்ல வாங்குனது, எதுவா இருந்தாலும் சொல்லுங்க அங்கிள். நான் ஏச மாட்டேன்."

வாலண்டைன் வாயைத் திறந்தான். அவன் வாழ்க்கையில் ஒருமுறையாவது தானாக ஒரு உண்மையைச் சொல்ல வந்தான் என்றால் அது அந்த நிமிஷம்தான். நான் முந்திக்கொண்டேன்.

"இல்ல டாக்டர். ஒன்னும் சாப்டல."

எதற்குப் பயந்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வெட்கம்தான் பெரிய காரணம். என் தங்கை நாய் மாத்திரை தின்றாள் என்று அந்தப் பெண் எழுதிக்கொண்டு போய் உள்ளே மற்ற டாக்டர்களிடம் காட்டுவாளே என்ற வெட்கம். வாலண்டைன் வாயை மூடிக்கொண்டான். புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பாக்கியம் போய்விட்டாள்.

துக்க வீட்டுக்கு மாதவி மேடம் காரை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை மலர் வளையம் கொண்டுவந்தார், வாலண்டைன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல மனுஷி, குறை சொல்லக் கூடாது. புறப்படும்போது, "எத்தனை நாள் வேணுமோ லீவு எடுத்துக்குங்க. ஹென்றிதான் நீங்க இல்லாம ஒழுங்கா சாப்ட மாட்டேங்கிறான்" என்றார். பெர்னிஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள், என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அம்மா நல்லா இருக்காங்கன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?" நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன்.

வாலண்டைன் எட்டாவது நாளே வேலைக்குப் போய்விட்டான். சொந்தக்காரர்கள் வாய் இருக்கிறதே, நாய்க்காகப் பெண்டாட்டி துக்கத்தை முடித்துவிட்டான் என்றார்கள். நான்கூட ஒருநாள் அதையே அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "வீட்ல இருந்து என்னா செய்ய மச்சான்? அவனுக்கு ரெண்டு வேளை மாத்திர குடுக்கணுமே" என்றான். எனக்கு அப்போது விளங்கவில்லை. இனிமேல் மாலை மாத்திரையை எடுத்துக்கொள்ள அவனுக்கு ஆள் இல்லை.

ஜூன் மாசம் எட்டு மாசக் கெடு முடிந்தது. ஒரு சாயங்காலம் என் ஃபிளாட்டுக்கு வந்தான். கோப்பியைத் தொடவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"கவரப் பிரிச்சிட்டாங்க மச்சான்."

"எந்தக் கவர்?"

"மாத்திர கவரு. யாருக்கு மருந்து, யாருக்கு மாவுன்னு."

என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து வந்து வாசலில் நின்றாள்.

"ஹென்றிக்கு மாவு மச்சான். மொத நாள்லேருந்து மாவு."

நான் எழுந்து போய் அவன் சட்டையைப் பிடித்தேன். அடிக்கத்தான் போனேன். அறுபத்தேழு வயதில் சொந்தத் தங்கை புருஷனை அடிக்கக் கை ஓங்கினேன். அவன் தடுக்கவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை. "அடிங்க மச்சான்" என்றான். "டாக்டரு மொதல்லயே சொன்னாரு. நான்தான் வந்து ஒங்ககிட்ட சொன்னேன். நீங்க அப்படி இருக்காதுன்னு சொன்னீங்க. நானும் அப்படியான்னு விட்டுட்டேன்." குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னான். என் கை அப்படியே நின்றுவிட்டது.

அவன் போன பிறகு நான் படியிறங்கிக் கடைக்குப் போகப் பார்த்தேன். பாதியில் முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரம் மாவைத் தின்று மூன்று மாடி ஏறிய அதே முட்டிதான். பக்கத்து வீட்டுப் பெண் வந்து கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். அன்றைக்கு அந்தப் படியில் உட்கார்ந்து பாக்கியத்தை நினைத்து அழுதேன். துக்க வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. அவளுக்கு உடம்பு புதுசாக இருந்ததும் இப்படித்தான் இருந்திருக்கும். நாங்கள் சொன்னோம் என்பதற்காக அவள் நன்றாக இருந்திருக்கிறாள்.

பெர்னிஸிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். அவள் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்.

போன மாசம், ஆகஸ்டில், வாலண்டைனை அந்த வேலையிலிருந்து இழுத்துக்கொண்டு வருவதென்று முடிவு செய்து பங்சாருக்குப் போனேன். கிள்ளானில் தெரிந்தவர் ஒருத்தரின் கிடங்கில் வாட்ச்மேன் வேலை ஒன்று காலியாக இருந்தது. மேடம் வீட்டுத் தெரு மேட்டில் ஏறுகிற தெரு. காரை நிறுத்திவிட்டு இறங்கும்போது, மேட்டின் உச்சியிலிருந்து பொன்னிறமாக ஒரு நாய் ஓடி வந்தது. நான்கு காலும் தரையில் பாவாமல் வந்தது. பின்னால் வாலண்டைன், ஒரு கையில் கயிறு, ஒரு கை இடுப்பில், மூச்சு வாங்க ஓடி வந்தான். இது வேறு நாய் போலிருக்கிறது, மேடம் புதுசு வாங்கிவிட்டார் என்று நினைத்தேன். அது என் முட்டியை முகர்ந்துவிட்டு, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப மேட்டைப் பார்த்து ஓடியது.

"இது ஹென்றியா?"

தலையை ஆட்டினான். சோதனையில் மாவு தின்ற நாய்களுக்கெல்லாம் இப்போது நிஜ மருந்தைச் சும்மா கொடுக்கிறார்களாம். ஜூன் கடைசியில் ஆரம்பித்தார்களாம்.

"ரத்தம் சோதிச்சாங்க மச்சான். அவனுக்குக் கிட்னிகூடக் கொஞ்சம் கெட்டுப்போய்த்தான் இருந்துச்சாம். இப்ப சரியாயிட்டே வருதாம்."

வாட்ச்மேன் வேலையைப் பற்றி நான் பேசவில்லை. வாலண்டைன் சட்டைப் பையிலிருந்து டிஷ்யூவை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டான். மேட்டில் நாய் அவனுக்காகக் குரைத்துக்கொண்டு நின்றது.

"நல்லா வேல செய்யுது மச்சான்" என்றான். "ரெண்டையும் அவனுக்கே குடுத்துடுறேன்."